மந்தமான சந்தையில் வீட்டை இப்போதே விற்பதா, வைத்திருப்பதா: முழுமையான வழிகாட்டி

சென்னைப் புறநகரில் பத்து, பதினைந்து ஆண்டு பழைய அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனைக்குப் போடுகிறவர்களுக்காக எழுதியது. தனிவீட்டுக்கும் பிற ஊர்ச் சொத்துக்கும் வரிசை இதேதான். மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

"விலை எப்போது ஏறும்?" என்ற கேள்வியோடுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. "இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் எனக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் ரூபாயில் பதில் வரும். அந்தத் தொகையை வைத்துத்தான் கீழே உள்ள படிகள் நகர்கின்றன. வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. விலை பேசும் முன் ஆவணக் கோப்பு

சந்தை சூடாக இருக்கும்போது ஒரு காகிதம் குறைந்தால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். மந்தத்தில் அதே தெருவில் இன்னும் மூன்று, நான்கு வீடு விலைக்கு நிற்கும். உங்கள் காகிதம் வரும்வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (ஈசி; சொத்தின்மீது பதிவான விற்பனை, கடன் விவரம்), ஒப்புதல் பெற்ற வரைபடம், பணி நிறைவுச் சான்று, பட்டா, உங்கள் பெயரில் சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள், குடியிருப்போர் சங்கத்தின் நிலுவை இல்லை என்ற கடிதம். கடன் இருந்தால் பாக்கித் தொகைக்கான வங்கிக் கடிதமும், வங்கி வைத்திருக்கும் மூல ஆவணங்களின் பட்டியலும்.

அதிகம் பேர் இடறுவது வில்லங்கத்தில்தான். "கடனை எப்போதோ அடைத்துவிட்டோம்" என்பார்கள். ஈசியைத் திறந்தால் வங்கிக்கு மூலப்பத்திரம் ஒப்படைத்த ஆவணம், பேச்சுவழக்கில் எம்ஓடி, அப்படியே நிற்கும். அதை நீக்கும் ரசீது ஆவணத்தைப் பதியாமல் விட்டிருப்பார்கள். பதிய வங்கியின் அதிகாரம் பெற்றவர் வேண்டும். கடன் கொடுத்த வங்கி இடையில் வேறொன்றோடு இணைந்திருந்தால் கோப்பைத் தேடுவதற்கே வாரங்கள் போகும்.

கடனை இனிமேல்தான் அடைக்கப்போகிறீர்கள் என்றால், முழுத் தொகை கட்டிய 30 நாளில் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதமும் இல்லை.

அப்பா பெயரில் இருக்கும் வீடு என்றால் வாரிசுச் சான்றிதழ் முதல் வேலை. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தங்கை பவர் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வழக்கறிஞரை முதல் வாரத்திலேயே பாருங்கள். இந்த வேலைகள் முடியாமல் வீட்டை விளம்பரத்தில் ஏற்றுவது, நல்ல வாங்குபவரை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் வேலை.

2. உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

வீடு விற்கும் இணையதளங்களில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை அங்கே இருக்காது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டைப் போன்ற விளம்பரங்களில் எத்தனை, எத்தனை மாதமாக அப்படியே கிடக்கின்றன? ஐந்து மாதமாக 68 லட்சத்தில் நிற்கும் வீடு உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். 68க்கு ஆள் இல்லை.

விற்ற விலைக்குப் பதிவுத்துறை இணையதளத்துக்குப் போங்கள். உங்கள் கட்டடத்தின் சர்வே எண்ணுக்குக் கடந்த இரண்டு ஆண்டு ஈசியைப் பார்த்தால், அதே மனையில் பதிவான கிரயங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது பத்திரத்தில் காட்டிய விலை.

இங்கே ஒரு பொறி உண்டு. 2023 டிசம்பருக்கு முன்பு கட்டுநர்கள் பெரும்பாலும் மனையின் பிரிக்கப்படாத பாகத்தை, அதாவது யுடிஎஸ்ஸை மட்டும் கிரயம் செய்து, கட்டுமான ஒப்பந்தத்தைத் தனியாகப் பதிந்தார்கள். அப்படிப்பட்ட முதல் விற்பனைப் பத்திரத்தில் 14 லட்சம் என்று இருந்தால் அது வீட்டின் விலை அல்ல. மறுவிற்பனைப் பத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு. மந்தத்தில் விலை அதற்குக் கீழே இறங்கினால் இரு பக்கமும் அடி. வாங்குபவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் எது அதிகமோ அதன்மீது கட்டுவார். வருமான வரியிலும் வழிகாட்டி மதிப்பு விற்ற விலையில் 110 சதவீதத்தைத் தாண்டினால், நீங்கள் வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாகக் கணக்கு வைக்கப்படும்; வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகவும் சேரும். வழிகாட்டி மதிப்பு 66 லட்சம் என்றால் 60 லட்சம் வரை இறங்கலாம். 57க்கு விற்றால் 66க்கு வரி பார்க்க வேண்டும். உங்கள் கீழ் எல்லையை எழுதும்போது இந்தக் கோட்டை மறக்க வேண்டாம்.

3. கைக்கு வரும் தொகையை எழுதுங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. 2013 பிப்ரவரியில் பதிவுச் செலவோடு 38 லட்சத்துக்கு வாங்கியது. இப்போது எதிர்பார்ப்பது 60 லட்சம்.

விற்பனை விலை 60,00,000. தரகு ஒரு சதவீதம் 60,000. பெயின்ட், சில்லறைப் பழுது, ஆவணச் செலவு 40,000. கடன் பாக்கி 9,00,000. வரிக்கு முன் கைக்கு வருவது 50,00,000.

வாடகைக்கு விட்டிருந்தால் குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸையும் கழியுங்கள். அது உங்கள் பணம் அல்ல. பதிவு நாளன்று வாங்குபவர் அதைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லும்போது முகம் மாறுகிறவர்கள் நிறைய.

இனி வரி. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு வழியிலும் கணக்கிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம்.

நம் வீட்டுக்கு முதல் வழியில், செலவுகளைக் கழிக்கும் முன், லாபம் 22 லட்சம், வரி 2.75 லட்சம். இரண்டாவது வழியில், செலவுப் பணவீக்கக் குறியீடு 2012-13க்கு 200, 2025-26க்கு 376. 38 லட்சம் 71.44 லட்சமாகிறது. லாபமே இல்லை, வரியும் இல்லை. ஆடிட்டரிடம் இந்த இரண்டு கணக்கையும் கேட்டு வாங்குங்கள். "வரி போகும்" என்ற பயத்தில் நல்ல விலையைத் தள்ளிவிட்டவர்களில் பலருக்கு உண்மையில் வரியே வந்திருக்காது. ஆனால் இரண்டாவது வழியில் காகிதத்தில் தோன்றும் நஷ்டத்தை வேறு லாபத்தோடு கழிக்க முடியாது.

வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐக்கு இந்த இரண்டாவது வழி கிடையாது. அவரிடம் வாங்குபவர், சான்றிதழ் இல்லாவிட்டால், முழு விலையின்மீதே 12.5 சதவீதமும் அதற்கு மேல் செஸ் முதலியவையும் பிடிக்க வேண்டிவரும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். இங்கே வசிப்பவருக்கு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் பிடிக்கும் வரி (டிடிஎஸ்) ஒரு சதவீதம்தான்.

4. காத்திருப்பின் மாதச் செலவு

கைக்கு வரக்கூடிய 50 லட்சத்தை வைப்பில் போட்டால் 6.5 சதவீதத்தில் மாதம் சுமார் 27,000. இப்போது அது கிடைக்கவில்லை. 9 லட்சம் கடனுக்கு 8.5 சதவீதத்தில் வட்டி 6,375. பராமரிப்பு 3,000. சொத்து வரியும் மற்றதும் 600. மொத்தம் மாதம் சுமார் 37,000.

வீடு பூட்டிக் கிடந்தால் இந்த 37,000 முழுதும் உங்கள் தலையில். 15,000 வாடகை வந்தால் 22,000.

ஒரு வருடம் காத்திருந்து பிழைக்க, பூட்டிய வீட்டின் விலை 7.4 சதவீதம் ஏற வேண்டும். வாடகை வரும் வீட்டின் விலை 4.4 சதவீதம். இதையே திருப்பிப் போட்டால்: இன்று 57 லட்சம் சொல்லும் ஆளும், எட்டு மாதம் கழித்து 60 லட்சம் தரப்போகும் ஆளும் பூட்டிய வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய ஒன்றே. எட்டு மாதத்தில் சுமார் மூன்று லட்சம் கரைந்திருக்கும். 57க்கு இறங்குவதற்கு முன் இரண்டாம் படியில் சொன்ன வழிகாட்டி மதிப்பை மட்டும் சரிபாருங்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் வழக்கம். இஎம்ஐ முழுவதையும் செலவாகப் போடுவது ஒன்று. அதில் அசல் உங்களுக்கே திரும்பும், வட்டியை மட்டும் எடுங்கள். மற்றொன்று, 50 லட்சத்தின் வட்டியை விட்டுவிடுவது. கையை விட்டு ரூபாய் போகாததால் செலவு கண்ணில் படுவதில்லை. இருப்பதிலேயே பெரிய செலவு அதுதான்.

5. வாங்குபவரின் பையைப் பாருங்கள்

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி உச்ச வரம்பு. மதிப்பு என்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது. பதிவுச் செலவு அதில் சேராது.

60 லட்சம் வீட்டை வங்கியும் 60 என்று எழுதினால் கடன் 48 லட்சம். வாங்குபவர் 12 லட்சமும் பதிவுக்கு 5.4 லட்சமும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். வங்கி 55 என்று எழுதினால் கடன் 44. அவர் இப்போது 21.4 லட்சம் புரட்ட வேண்டும். பேசி முடித்த வியாபாரம் மந்தத்தில் முறிவது பெரும்பாலும் இந்த நான்கு லட்சத்தில். குறை உங்கள் வீட்டிலும் இல்லை, அவர் மனத்திலும் இல்லை.

ஆகவே விளம்பரத்துக்கு முன்பே வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் சொந்தச் செலவில் அறிக்கை வாங்குங்கள். கட்டடத்தின் வயது கூடக் கூட மதிப்பீடு இறுகும், கடன் தவணைக் காலமும் சுருங்கும். 15 வயதில் எளிதாகக் கடன் கிடைக்கும் வீடு 25 வயதில் கையில் பணம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விற்கக்கூடிய வீடாகிவிடலாம்.

6. விற்பதா, வைத்திருப்பதா

தவணை தவறிக்கொண்டிருந்தால் யோசனைக்கு இடமில்லை. பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். பிறகு 60 நாள் நோட்டீஸ், அதன் பின் ஏலம் வரை போகலாம். அதற்கு முன்பு விலை பேசுவது நீங்கள். பின்பு வேறு யாரோ.

பெரிய வீட்டுக்கு மாறுகிறவர்கள் மந்தத்தைப் பார்த்து விற்காமல் இருப்பது எங்கள் கணக்கில் தலைகீழான முடிவு. இரண்டு வீட்டுக்கும் விலை பத்து சதவீதம் இறங்கியிருந்தால் 60 லட்சம் வீட்டில் ஆறு போகும், ஒன்றேகால் கோடி வீட்டில் பன்னிரண்டரை மிஞ்சும். முதலில் விற்க வேண்டும், பிறகு வாங்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டு தவணை கட்டிக்கொண்டு அவசரத்தில் விற்க நேரும். பழைய சட்டத்தின் 54ஆம் பிரிவாகப் பழகிய வரிச் சலுகையில், விற்ற பின் வேறு வீடு வாங்க இரண்டு ஆண்டும் கட்ட மூன்று ஆண்டும் உண்டு. அதுவரை பணத்தை, வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள், வங்கியில் இதற்கென உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும்.

மற்றவர்களுக்கு முடிவு யுடிஎஸ்ஸில் இருக்கிறது. கட்டடம் தேயும், மண்தான் ஏறும். 900 சதுர அடி வீட்டுக்கு 450 சதுர அடி மண் பங்கு இருந்தால் காத்திருப்பதில் பொருள் உண்டு. பல மாடிக் கட்டடத்தில் 220 சதுர அடி மட்டும் இருந்தால் ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு எதிராகத்தான் ஓடும். சொந்த மண்ணில் நிற்கும் தனிவீட்டுக்குப் பொறுமை அதிகம் தாங்கும்.

பழைய, தாழ்ந்த மாடிக் கட்டடமும் நல்ல மண் பங்கும் இருந்தால் மறுகட்டுமானப் பேச்சு நடக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் சரி சொல்லிட்டாங்க" என்பது சம்மதம் ஆகாது. கையெழுத்து எத்தனை என்று எண்ணுங்கள்.

காத்திருக்க நியாயமான காரணம் என்றால் அதற்கு ஒரு தேதி இருக்கும்: வாசலில் நடக்கும் மெட்ரோ வேலை முடிவது, பக்கத்துப் பெரிய திட்டத்தில் சாவி கொடுத்து முதலீட்டாளர் வீடுகள் விற்றுத் தீர்வது, பட்டா மாறுவது. தேதி சொல்ல முடியாத காரணம் ஆசை.

7. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தை முதல் வைகாசி வரை ஆள் நடமாட்டம் இருக்கும். பள்ளி மாற்றம் நினைப்பவர்கள் ஏப்ரலில் தேடுவார்கள். விளம்பரம் ஜனவரி கடைசியில் தயாராக இருக்கட்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்கள். அதற்காக விளம்பரத்தை எடுத்துவிட வேண்டாம். ஆடியில் வந்து பார்க்கிறவர் பொழுதுபோக்குக்கு வருவதில்லை. பேசி வைத்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்து என்று முடியும். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் தருவார்கள். அப்படியும் கூட்டம் நெரியும், முன்பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை தனிக்கதை. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் வாங்குபவர் முதலில் சமையலறையைப் பார்ப்பதில்லை. வாசல் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறார். பிறகு கீழ்வீட்டுக்காரரிடம், "2015ல எவ்ளோ ஏறிச்சு? 2023ல?" என்று கேட்கிறார். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது என்றால் கனமழைக்கு மறுநாள் காலை வீட்டைக் காட்டுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. நிற்கும் என்றால் ஐப்பசிக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், எப்படியும் கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

8. விலை போடுவதும் இறக்குவதும்

மூன்று எண்களை ஒரே தாளில் எழுதி, வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: கேட்கும் விலை, கீழ் எல்லை, கெடு நாள். எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது கணவன் ஒரு விலையும் மனைவி ஒரு விலையும் சொன்னால் அங்கேயே ஐம்பதாயிரம் போய்விடும்.

இணையதளங்களில் தேடுகிறவர்கள் 50 முதல் 60, 60 முதல் 75 என்று வரம்பு வைத்துத் தேடுவார்கள். 61 என்று போட்டால் 60 வரை தேடுகிறவர் கண்ணில் படவே மாட்டீர்கள்.

மூன்று வாரத்தில் யாருமே வந்து பார்க்கவில்லை என்றால் விலையோ படமோ தவறு. பத்துப் பேர் பார்த்தும் ஒருவரும் விலை சொல்லவில்லை என்றால் வீட்டில் ஏதோ உறுத்துகிறது. கசிவு, இருட்டு, கார் நிறுத்தும் இடத்தின் இடுக்கு. விலை பேசியபின் நழுவுகிறார்கள் என்றால் ஒன்றாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் திரும்பிப் போங்கள்.

இறக்குவதென்றால் ஒரே தடவையில் நான்கு, ஐந்து சதவீதம் இறக்குங்கள். மாதம் ஐம்பதாயிரமாகக் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று பார்க்கிறவர் காத்திருப்பார்.

9. ஒப்பந்தமும், கெடு தாண்டினால் செய்வதும்

முன்பணம் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. அதே அளவு தொகை அபராதமாகலாம். வங்கி வழியாக வாங்குவதில் இன்னொரு லாபம்: பதிவுக்குள் வழிகாட்டி மதிப்பு ஏறினாலும் ஒப்பந்த நாள் மதிப்பையே உங்கள் வரிக் கணக்குக்கு எடுக்கலாம்.

காலம் 60 முதல் 90 நாள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பின் கிரய ஒப்பந்தமும் கட்டாயமாகப் பதிய வேண்டியது. பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பின்வாங்கினால் ரத்து ஆவணத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். அவர் வராமல் இழுத்தால் அடுத்த ஆளுக்கு விற்க முடியாது. ஆகவே முன்பணத்தைத் திருப்புவதையும் ரத்து ஆவணத்தில் கையெழுத்திடுவதையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வையுங்கள். பணத்தை முதலில் கொடுத்துவிட்டு அவருக்கு போன் அடித்துக்கொண்டிருப்பது மந்தச் சந்தையில் ஒரு பருவத்தையே தின்றுவிடும்.

கெடு நாள் வந்தும் கீழ் எல்லையில் ஆள் இல்லை என்றால் விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் இறக்குங்கள். ஒரு வருடமாகத் தொங்கும் வீட்டைப் பார்க்கிறவர், "என்னவோ இருக்கு" என்று நினைப்பார். 11 மாத வாடகைக்கு விடுங்கள்; வீட்டைக் காட்ட எந்த நாளில், எந்த நேரத்தில் அனுமதி என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். ஒப்பந்தம் தையில் முடியுமாறு தேதி போடுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே புது ஈசி எடுத்து, வட்டி விகிதம், கடன் பாக்கி, வழிகாட்டி மதிப்பு மூன்றையும் மாற்றி நான்காம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள்.